இரண்டு பேர் பாடு

கச்சேரிக்குப் போய்ப் பழகிய ரஸிகர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். வித்வான் மேடையில் உட்கார்ந்து பாடுவது கச்சேரியில் ஒரு பாதிதான். இன்றைக்கு எதைப் பாடுவது, எதை எந்த இடத்தில் வைப்பது, எதைப் பாடாமல் விடுவது என்று வீட்டிலேயே அவர் செய்துகொண்டு வருகிற தீர்மானம் மற்றொரு பாதி. அந்தத் தீர்மானம் பிசகிவிட்டால் சாரீரம் எவ்வளவு இனிமையாயிருந்தும் பிரயோஜனம் இல்லை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890-1967) பெயரைச் சொன்னால் சங்கீத உலகம் இன்றும் தலை வணங்குவதற்கு அவருடைய பாட்டு மட்டுமா காரணம்? வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சில சிறு கீர்த்தனங்களால் சபையைத் தன்வசமாக்கிக்கொண்டு, பிறகு ராக ஆலாபனை, பெரிய கிருதி, தனி ஆவர்த்தனம் என்று மேலே கொண்டுபோய், கடைசியில் துக்கடாக்களால் மனத்தைக் குளிரச் செய்து அனுப்பும் முறையை வழக்கத்தில் நிலைநாட்டியவர் அவர் என்பதும் ஒரு காரணம் அல்லவா?

மேல்நாட்டுச் சங்கீதக்காரர்களுக்கும் இதே கவலை உண்டு. சென்ற கோடை விடுமுறையில் அந்தக் கவலையை மிகவும் கிட்டத்தில் இருந்து பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. என் தமையனார் மகள் சென்னையில் செல்லோ என்னும் வாத்தியம் கற்கிறாள். பிடிலை மிகவும் பெரிதாக்கி, நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வில் போட்டால் அதுதான் செல்லோ. ஆண்பிள்ளைக் குரலைப் போன்ற கனத்த நாதம். அவளுடைய முதல் தனிக் கச்சேரிக்கு நாள் குறித்தாகிவிட்டது. எதை வாசிப்பது என்பதுதான் நிச்சயமாகவில்லை. சென்னையில் அவர்கள் குடியிருக்கும் அடுக்கு மாடி வீட்டில், தினம் ஆறு மணி நேரம் சாதகம் செய்தால் அண்டை அயலார் முகம் சுளிக்கிறார்கள். ஆகவே, வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு நான் ஆசிரியனாக இருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்து சேர்ந்தாள்.

கலங்கரை விளக்கம் என்று அருமையான பழந்தமிழ்ப் பெயர் இருக்க, எங்கள் ஊர் மட்டும் எப்படியோ லைட்ஹவுஸ் குப்பம் ஆகிவிட்டது. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மற்றொரு பக்கம் பழவேற்காடு ஏரி. கடலும் காற்றும் ஓயாமல் கச்சேரி செய்யும் இடத்தில் செல்லோவின் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல யார் இருக்கிறார்கள்?

“நம் நாட்டு சங்கீதம் கடலைப் போல் கிடக்க, இந்த அந்நிய வாத்தியமும் அந்நிய உருப்படியும் நமக்கு எதற்கு?” என்று நேயர்களில் சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் பழவேற்காட்டிலிருந்து சென்னைக்குப் போகிற திக்கிலே மணலி என்று ஓர் ஊர் இருக்கிறது. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் தொழிற்சாலைப் புகைதான் நினைவுக்கு வரும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே இருந்த முதலியார் குடும்பம் ராமஸ்வாமி தீக்ஷிதரை வரவழைத்து ஆதரித்தது. அவருடைய குமாரர் பாலுஸ்வாமி தீக்ஷிதர் அங்கேதான் ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொண்டார். அப்படி வந்த பிடில் இன்று நம்முடைய பக்கவாத்தியம். அது அந்நிய வாத்தியம் என்று சொன்னால் நம் பாட்டிமார்கள் சிரிப்பார்கள். அவருடைய தமையனார் முத்துஸ்வாமி தீக்ஷிதரோ வெள்ளைக்காரர்களின் மெட்டுக்களுக்கு ஸம்ஸ்கிருதத்தில் ஸாகித்யம் செய்தார். அதனால் அவருடைய கிருதிகளின் கம்பீரத்துக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை. பிறர் பொருளை மதித்து, உழைத்துக் கற்றுக்கொள்வது அடிமைத்தனம் ஆகாது. உழைக்காமல் பகட்டுக்காகக் கட்டிக்கொள்வதுதான் அடிமைத்தனம். என் தமையனார் மகளின் கச்சேரி இந்த இரண்டில் எந்த வகையாக அமையப் போகிறது என்பதே கேள்வியாக இருந்தது.

அவள் முன்னால் மூன்று ஸொனாட்டாக்கள் இருந்தன. ஸொனாட்டா என்பது மூன்று நான்கு பகுதிகள் கொண்ட பெரிய உருப்படி. இந்த மூன்றும் செல்லோவும் பியானோவும் சேர்ந்து வாசிப்பதற்கென்று 19-ஆம் நூற்றாண்டிலும் அதன் முடிவை ஒட்டியும் எழுதப்பட்டவை. உணர்ச்சியே பிரதானமாக இருந்த காலத்துச் சங்கீதம் அது.

முதலாவது, ஜெர்மானியரான பிராம்ஸ் எழுதியது. 1862-ல் தொடங்கி 1865-ல் கடைசிப் பகுதியைச் சேர்த்து முடித்தார். செல்லோவின் அடித் தந்திகளிலே, அந்தி நேரத்து யோசனையைப் போல ஆரம்பிக்கும். பியானோ தாளத்தின் தலைத்தட்டை விட்டு விலகி விலகி மெதுவாகத் துணை நிற்கும். கடைசிப் பகுதி பியூக் என்ற அமைப்பு. ஒரு குரல் ஒரு வரியைத் தொடங்க, மற்றொரு குரல் அதே வரியைப் பிடித்துக்கொண்டு துரத்த, மூன்றாவது குரலும் வந்து சேர, ஒன்றை ஒன்று விடாமல் ஓடும் ஓட்டம். பியானோவின் இடது கை, வலது கை, செல்லோ ஆகிய மூன்றும் மூன்று குரல்கள். இதில் ஒருவர் அரை மாத்திரை தடுமாறினாலும் மூவரும் விழ வேண்டியதுதான்.

இரண்டாவது ஷோப்பேன் எழுதியது. பியானோவுக்காகவே பிறந்தவர் என்று சொல்லத்தக்க அந்த மேதை, தம்முடைய கடைசி வருஷங்களில், 1846-ஐ ஒட்டி, பிரான்ஷோம் என்ற செல்லோ வித்வானாகிய தம் நண்பருக்காக இதை இயற்றினார். 1848-ஆம் வருஷம் பிப்ரவரி 16-ந் தேதி பாரிஸில் அவர் செய்த கடைசிக் கச்சேரியில் இருவருமாக இதை வாசித்தார்கள். முதற் பகுதியை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் மட்டுமே வாசித்தார்கள் என்பது கவனிக்கத் தக்கது. மறு வருஷம் அவர் காலமானார்.

மூன்றாவது ருஷியரான ராக்மானினோவ் 1901-ல் எழுதியது. 1897-ல் அவருடைய முதல் ஸிம்பனி அரங்கேறிய இரவிலேயே படுதோல்வி அடைந்தது. மனம் உடைந்து வெகு நாள் எழுத முடியாமல் இருந்து, டாக்டர் டால் என்பவரிடம் சிகிச்சை பெற்றுத் தேறிய பின் எழுதிய உருப்படிகளில் இது ஒன்று. மூன்றிலும் இதுதான் கேட்டவுடனே நெஞ்சை அள்ளுவது. சபையில் கைதட்டல் வாங்கிக் கொடுப்பதும் இதுதான். ஆனால் ராக்மானினோவ் பெரிய பியானோ வித்வான். தம் கைகளுக்கு எது சுலபமோ அதை எழுதினார். மற்றவர்கள் கைகளுக்கு அது மலையேற்றம்.

என் தமையனாருக்கு இதில் சந்தேகமே இல்லை. “ராக்மானினோவ்தான்!” என்று சொல்லிவிட்டார். “பந்துக்கள், சிநேகிதர்கள், ஆபீஸ்காரர்கள் எல்லாரும் வருகிறார்கள். எல்லோரும் பிரமித்துப் போக வேண்டாமா?” என்றார். பெண்ணுக்காகக் கடன் வாங்கிச் செல்லோ வாங்கிக் கொடுத்த தகப்பனார் அவர். அந்த ஆசையை நாம் பரிகாசம் செய்வதற்கில்லை.

சங்கடம் வேறிடத்தில் இருந்தது. அவளுடன் பியானோ வாசிக்க ஏற்பட்டவள் அவளுடைய வகுப்புத் தோழி. மூன்று வருஷமாக இருவரும் சேர்ந்து வாசித்து வருகிறார்கள். அந்தப் பெண்ணின் வீட்டில் பியானோ இல்லை; மின்சாரக் கீபோர்டு ஒன்றுதான். மாலை வேளைகளில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்குக் கீபோர்டு சொல்லிக் கொடுத்து, அந்த வருமானத்தைக் குடும்பத்துக்குக் கொடுக்கிறாள். நல்ல கை, நல்ல ஞானம். ஆனால் ராக்மானினோவின் பியானோ பாகத்தை இரண்டு மாதத்தில் தயார் செய்ய அவளுக்கு நேரமும் இல்லை, நிஜமான பியானோவும் இல்லை. என் தமையனார் அதற்கும் வழி கண்டுபிடித்தார். “பணம் கொடுத்தால் கைதேர்ந்தவர் ஒருவர் கிடைக்காமலா போவார்? இரண்டு ஒத்திகை பார்த்தால் போதும்” என்றார். தோழியிடம் இதை யார் சொல்வது என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் அவள் இங்கே வந்தாள். காலையில் பிராம்ஸ், உச்சி வேளையில் ஷோப்பேன், மாலையில் ராக்மானினோவ் என்று மூன்றையும் மாறி மாறி வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலை பின்னுகிறவர்களும் மீன் கூடையை இறக்கி வைத்தவர்களும் எங்கள் வாசலில் சற்று நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒரு நாள் மாலை ராக்மானினோவின் மூன்றாவது பகுதி. அதில் முதலில் பியானோ மட்டும் தனியே பாடும். செல்லோ காத்திருக்க வேண்டும். இவளோ வில்லைக் கையில் பிடித்தபடி, உதடு அசைய எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்ற முதிய மீனவர் ஒருவர் பொறுத்துப் பார்த்தார்.

“இன்னா பாப்பா, வில்லைக் கையில வெச்சிக்கினு சும்மா குந்தினு இருக்கே?” என்றார்.

“இது பியானோ வாசிக்கிற இடம், தாத்தா. அவங்க வாசிச்சப்புறம்தான் நான் ஆரம்பிக்கணும்” என்றாள் இவள்.

“ஓகோ! இப்ப அவுங்க பாடா?” என்றார் பெரியவர். பிறகு, “அந்தப் பொண்ணு எங்கே?” என்று கேட்டார்.

“சென்னையிலே இருக்கா, தாத்தா.”

“ஆளே வராம பாடு எப்படிம்மா நடக்கும்?” என்று சொல்லிவிட்டு அவர் தம் வழியே போய்விட்டார்.

பழவேற்காட்டுப் பக்கம் பழகாதவர்களுக்கு இந்தப் ‘பாடு’ என்ற சொல்லை விளக்க வேண்டும். ஏரியில் மீன் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. அவற்றில் இன்ன நாளில் இன்னார் வலை போடுவது என்று மீனவர்கள் தங்களுக்குள்ளேயே முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். ஒருவருடைய பாட்டில் மற்றொருவர் வலை போடக் கூடாது. தன் முறை வரும் வரையில் காத்திருப்பதும் தொழிலில் சேர்ந்ததே. இந்த ஏற்பாட்டில் பங்கு இல்லாதவர்களும் உண்டு. அதைப் பற்றி வழக்குகளும் மனஸ்தாபங்களும் உண்டு. ஆயினும், வலிமை உள்ளவன் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகாமல் தடுக்க, சர்க்கார் சட்டத்தை எதிர்பாராமல் ஜனங்கள் தாங்களே கண்ட வழி அது.

தமிழிலே ‘பாடு’ என்றால் கானம் செய் என்று ஓர் அர்த்தம். உழைப்பு, கஷ்டம் என்று மற்றோர் அர்த்தம். இந்த ஏரிக்கரையிலே முறை என்று மூன்றாவது அர்த்தம். அன்றிரவு என் தமையனார் மகள் வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “சித்தப்பா! பிராம்ஸ் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார், தெரியுமா? ‘பியானோவுக்கும் செல்லோவுக்குமான ஸொனாட்டா’ என்று. பியானோதான் முதலில்” என்றாள்.

அதைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அந்த ஸொனாட்டாவை பிராம்ஸ் கான்ஸ்பாகர் என்ற நண்பருக்கு அர்ப்பணம் செய்தார். அவர் சங்கீத ஆசிரியர். செல்லோவில் ஆசைக்கு வாசிக்கிறவர். இருவரும் சேர்ந்து வாசிக்கையில் பிராம்ஸ் பியானோவை முழங்கித் தள்ளினாராம். “என் செல்லோ எனக்கே கேட்கவில்லையே!” என்று நண்பர் முறையிட்டாராம். “நீர் அதிர்ஷ்டசாலி!” என்றாராம் பிராம்ஸ். வேடிக்கை ஒரு புறம் இருக்கட்டும். செல்லோ கீழ்ஸ்தாயியில் பேசும் இடங்களில் பியானோ சற்று மிஞ்சினாலும் செல்லோ காணாமல் போய்விடும் என்பது உண்மை. அதனால் இந்த உருப்படியின் நிஜமான கஷ்டம் விரல்களில் இல்லை. ஒருவர் மற்றவருக்கு எங்கே வழி விட வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு ஒத்திகையில் அது வருமா? மூன்று வருஷம் சேர்ந்து வாசித்தவர்களுக்கல்லவா வரும்!

மறு நாள் அவள் டெலிபோனில் தகப்பனாரிடம் பேசினாள். “அப்பா, பிராம்ஸ்தான். அவளோடுதான்” என்றாள். மறுமுனையில் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. “அவள் பக்கவாத்தியம் இல்லை, அப்பா. அவள் இல்லை என்றால் அது பாதி ஸொனாட்டாதான்” என்று அவள் நிதானமாகப் பதில் சொன்னது மட்டும் கேட்டது. தமையனார் இரண்டு நாள் என்னோடும் பேசவில்லை.

சுலபமானதைத் தேடிக்கொண்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். இதற்குப் பிறகு ஐந்து வாரம் அவள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். முதற் காரியமாகச் செல்லோவின் பாகம் மட்டும் அச்சடித்த தாளை மடித்து வைத்துவிட்டு, பியானோ பாகமும் சேர்ந்த முழுப் புஸ்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டாள். தான் மௌனமாக இருக்கும் இடங்களில் தோழியின் வரியை வாயால் பாடினாள். பியூக்கின் மூன்று குரல்களையும் ஒவ்வொன்றாகப் பாடம் செய்து, ஒன்றைப் பாடிக்கொண்டே மற்றொன்றை வாசித்தாள். நான் கர்நாடக சங்கீதத்தில் காது பழகியவன். பியானோவைப் பற்றி ஒன்றும் அறியேன். ஆனால் தாளம் போடுவதற்கு ஆள் வேண்டும் அல்லவா? மேஜையில் நாலு நாலாகத் தட்டிக்கொடுக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. முதல் வாரத்தில் அந்தப் பகுதியைப் பாதி வேகத்துக்கு மேல் அவள் வாசிக்கவே இல்லை. களைத்திருக்கும்போது கடைசிப் பகுதி எப்படி நிற்கிறது என்று பார்ப்பதற்காக, முதல் இரண்டு பகுதிகளையும் முழுக்க வாசித்து முடித்த பின்பே அதைத் தொடுவாள்.

கடற்காற்றும் தன் பங்குக்குச் சோதித்தது. செல்லோ வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் மயிர். ஈரக் காற்று பட்டால் அது நெகிழ்ந்து தளர்ந்துவிடும். தந்திகளின் சுருதியும் நிற்காது. வாத்தியத்தை உள்ளறையில் துணி சுற்றி வைத்து, வெயில் ஏறிய பிறகே வெளியே எடுப்பாள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தோழி பொன்னேரி வழியாகப் பஸ் ஏறி, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். மெலிந்த, அதிகம் பேசாத பெண். இருவரும் பிராம்ஸில் ஓர் அரைப் பக்கத்தை ஒரு காலைப் பொழுது முழுவதும் வாசித்தார்கள். “இங்கே உன் இடது கை என்னை மூடுகிறது” என்பாள் ஒருத்தி. “நீ வில்லை முன்னாலேயே செலவழித்துவிடுகிறாய், இங்கே வரும்போது உன்னிடம் ஒன்றும் மிச்சமில்லை” என்பாள் மற்றவள். கோபம் இல்லை, உபசாரமும் இல்லை. குப்பத்துக் குழந்தைகள் திண்ணை நிறைய உட்கார்ந்து, இருவரில் யார் ஜெயிக்கப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம் மேடைகளிலும் இதை நினைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கடினமான கணக்கில் பல்லவி ஒன்றை இரகசியமாய்த் தயார் செய்துகொண்டு வந்து, பிடில்காரரையும் மிருதங்கக்காரரையும் சபை நடுவில் மடக்குவதை வித்வத் என்று கருதுவோர் உண்டு. அதைக் கேட்டுத் தலையாட்டுகிற ரஸிகர்களும் உண்டு. மடக்கப்பட்டவர் தவிக்கும் நேரத்தில் சங்கீதம் எங்கே இருக்கிறது என்று அவர்கள் கேட்டுக்கொள்வதில்லை.

கச்சேரி ஜூன் கடைசியில் சென்னையில் ஒரு சிறிய மண்டபத்தில் நடந்தது. சுமார் 80 பேர் வந்திருந்தார்கள். நிகழ்ச்சி முறையை இருவருமாகவே வகுத்திருந்தார்கள். முதலில் கையைப் பழக்கிக்கொள்ளவும் சபையை அமைதிப்படுத்தவும் ஷூமான் 1849-ல் எழுதிய மூன்று சிறு உருப்படிகள். பிறகு பிராம்ஸ் முழுவதும். கடைசியில் ஷோப்பேன் ஸொனாட்டாவின் மூன்றாவது பகுதி மட்டும். அது நாலே நிமிஷம், தாலாட்டைப் போன்றது. முழுவதையும் வாசிக்காவிட்டால் குறைவு அல்லவா என்று ஒருவர் கேட்டார். ஷோப்பேனே பாரிஸில் செய்த தம் கடைசிக் கச்சேரியில் ஒரு பகுதியை விட்டவர் என்று இவள் பதில் சொன்னாள். வர்ணம், பெரிய கிருதி, துக்கடா என்ற வரிசை ஜெர்மனிக்குப் போய்விட்டு வந்ததாக எனக்குத் தோன்றிற்று.

தொடங்குமுன் அவள் எழுந்து நின்று, ஒவ்வொரு உருப்படியும் என்ன, அதில் எதைக் கவனித்துக் கேட்கலாம் என்று ஐந்து நிமிஷம் தமிழிலே சொன்னாள். 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய காலத்தில் பெரியவர்கள் கேட்டதும், ஜனங்கள் கேட்கிற பாட்டு அவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதுதானே? வார்த்தை இல்லாத சங்கீதத்துக்கும் அந்த மரியாதையைச் செய்யலாம் போலிருக்கிறது.

பியானோவின் மூடியைப் பாதி மட்டுமே திறந்து வைத்திருந்தார்கள். பியூக் வந்தது. பியானோவின் இடது கை தொடங்கியது, செல்லோ பிடித்துக்கொண்டது, வலது கை சேர்ந்தது. ஓரிடத்தில் செல்லோவின் சுருதி இம்மியளவு நழுவியது. எனக்கே தெரிந்தது என்றால் தெரிந்தவர்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். ஆனால் ஓட்டம் நிற்கவில்லை. தோழி அந்த இடத்தில் ஒரு மயிரிழை வேகத்தைத் தாங்கிப் பிடித்தாள், இவள் சேர்ந்துகொண்டாள். அதற்குப் பெயர்தான் மூன்று வருஷம்.

கைதட்டல் ஓய்ந்ததும் இருவரும் கை கோத்துக்கொண்டு வணங்கினார்கள். என் தமையனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியின் தாயாரைப் பார்த்து, “உங்கள் பெண் ரொம்ப நன்றாக வாசித்தாள், அம்மா” என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. அது அவருக்குப் பெரிய பிரசங்கம். ராக்மானினோவைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேச்சு எடுக்கவில்லை. பெண்கள்தான் எடுத்தார்கள். இரண்டு வருஷத்தில், நிஜமான பியானோ ஒன்றில் சாதகம் செய்ய வழி பிறந்தால், வாசிப்பார்களாம்.

நம் வீடுகளில் குழந்தைகளின் அரங்கேற்றத்துக்கு நாள் குறிக்கும்போது, எது பெரிய உருப்படி, எது கைதட்டல் வாங்கும் என்றுதான் முதலில் கேட்கிறோம். கூட வாசிக்கிறவர் யார், அவருடைய பாடு என்ன என்பதையும் சேர்த்துக் கேட்டுவிட்டால், எந்த உருப்படி என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.